இடையில் நிற்பவன் தர்மம்

ஒருவரையொருவர் முன்பின் கண்டறியாத இருவர், ஒருவர் விற்பவராகவும் மற்றவர் வாங்குபவராகவும் அமைந்து, தமக்குள் ஒரு கொடுக்கல் வாங்கலை நடத்தி முடிக்கவேண்டுமானால், அவ்விருவராலும் நம்பத்தக்க மூன்றாமவர் ஒருவர் நடுவே நின்றாக வேண்டும் என்பது வியாபாரம் தோன்றிய காலந்தொட்டு உலகம் ஒப்புக்கொண்டு வந்திருக்கும் உண்மை. முற்காலத்தில் அந்த ஸ்தானத்தில் உண்டியல் எழுதிக் கொடுக்கும் சாகுகாரர் இருந்தார்; அவர் குடும்பத்தையும், அவர் வாக்கின் பெறுமானத்தையும் ஊர் அறிந்திருந்தது. இன்று அதே ஸ்தானத்தில், ஊரும் பேரும் முகமும் அறியப்படாத நிலையிலும் உலகம் முழுவதும் அன்றாடம் பணத்தை ஒப்படைக்கிற, பேமெண்ட் கேட்வே என்று வழங்கப்படும் நிறுவனங்கள் வந்து அமர்ந்திருக்கின்றன. இணையத்தில் கடை விரிப்பவர்களுக்காக மென்பொருள் எழுதும் ஒருவர், இந்நிறுவனங்களுள் எதைத் தம் மென்பொருளோடு இணைப்பது என்று யோசிக்கும்போது, அதைக் கமிஷன் விகிதங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்காகவே கருதுவது வழக்கம். கணக்கு அதில் உண்டு என்பதை மறுப்பாரில்லை. ஆனால் அக்கணக்கிற்கு அடியில் ஒரு தர்ம விசாரமும் இருக்கிறது. பிறர் பொருள் செல்லும் வழியில் நிற்பவனுக்கு உரிய தர்மம் யாது? அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறவனுக்கு, அவன் செய்கையில் எவ்வளவு பங்கு உண்டு? இவ்விரண்டு வினாக்களையும் சற்று நிதானமாக ஆராய்வது பயனுடையது.

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் 2003-ஆம் ஆண்டிலும், அதன்மேல் கடை நடத்துவதற்கென்று எழுதப்பட்ட வூகாமர்ஸ் 2011-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இரண்டும் யாவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்ற நிபந்தனையோடு வெளியிடப்பட்டவை. இவற்றைச் சார்ந்து, சந்தா வசூலிக்கவோ நன்கொடை பெறவோ பிளகின் என்னும் துணைமென்பொருளை எழுதுகிறவர், அதை நாளை யார் நிறுவிக்கொள்வார்கள் என்பதை அறியமாட்டார். கைத்தறிச் சேலை விற்பவர் ஒருவர் நிறுவலாம். அநாதைச் சிறுவர்களுக்கு அன்னமிடும் இல்லமொன்று நிறுவலாம். அரசாங்கத்திற்குப் பிடிக்காத செய்திகளை வெளியிடும் பத்திரிகையொன்றும் நிறுவலாம். பிளகின் எழுதியவர் ஒரு நிறுவனத்தை மட்டும் இணைத்திருந்தாரானால், அவர்கள் அத்தனைபேருடைய பணமும் அந்த ஒரே வழியாகத்தான் சென்றாக வேண்டும். தாம் ஒருமுறை செய்த தேர்வைத் தமக்குத் தெரியாத ஆயிரம்பேர் மீது சுமத்துகிற நிலை இது. சொந்தக் கடைக்குச் சாமான் வாங்குகிறவனுடைய சுதந்திரம் இவருக்கு இல்லை.

பணம் செல்லும் விதத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். வாங்குபவர் தம் கார்டு எண்ணைப் பதிந்து பொத்தானை அழுத்தியவுடன், அச்செய்தி கேட்வே நிறுவனத்திடமிருந்து கடைக்காரர் சார்பான வங்கிக்கும், அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பிற்கும், அங்கிருந்து கார்டை வழங்கிய வங்கிக்கும் சென்று, சம்மதம் அல்லது மறுப்பு என்ற விடையோடு சில வினாடிகளில் திரும்பிவிடுகிறது. ஆனால் விடை வந்த வேகத்தில் பணம் வருவதில்லை. அது கடைக்காரர் கணக்கில் சேர ஒரு நாளோ, சில நாட்களோ ஆகின்றன. கொடுத்தவர் கையைவிட்டு நீங்கி, பெறவேண்டியவர் கைக்கு வந்து சேராத அந்த இடைவேளையில், பணம் யாருடையது? சட்டம் இதற்குப் பலவிதமாக விடை சொல்லலாம். தர்மத்தின் விடை, அது வைத்திருப்பவனுடையது அன்று என்பதே.

நம் தர்மசாஸ்திரங்கள் இந்த இடைவேளையை நன்கு அறிந்திருந்தன. மனுஸ்மிருதி வழக்குகளைப் பதினெட்டு வகையாகப் பிரிக்குமிடத்தில், கடனுக்கு அடுத்தபடியாக, இரண்டாவதாகவே நிக்ஷேபத்தை, அதாவது நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் ஒப்படைத்த பொருளைப்பற்றிய வழக்கை, வைத்திருக்கிறது. ஒப்படைத்ததைத் திருப்பித் தராதவனையும், ஒப்படைக்காததைக் கொடு என்று கேட்பவனையும் அது கள்வனுக்கு ஒப்பாகத் தண்டிக்கச் சொல்வது கவனிக்கத்தக்கது. பொருளை வாங்கி அனுபவித்துவிட்டு, அதை வாங்கவேயில்லை என்று வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறுகிற சார்ஜ்பேக் மோசடியால் நொந்துபோகும் இன்றைய கடைக்காரர்கள், அந்த இரண்டாவது பகுதியின் நியாயத்தை எளிதில் உணர்வார்கள். நம்பிக்கை என்பது ஒரு பக்கத்துக் கடமையன்று. வைத்தவன், வைத்திருப்பவன் ஆகிய இருவரையும் அது கட்டுப்படுத்துகிறது.

இஸ்லாமிய மரபில் இதே கருத்து அமானிதம் என்ற பெயரால் வழங்குகிறது. நபிகள் நாயகம் 622-ஆம் ஆண்டில் மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்ட காலத்தில், தம்மிடம் மக்கள் நம்பி வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக அலீ அவர்களைப் பின்தங்கச் செய்தார் என்று வரலாறு கூறுகிறது. அப்பொருள்களை ஒப்படைத்திருந்தவர்கள் அவரைத் துன்புறுத்தி வெளியேறச் செய்த அந்த நகரத்தாரே என்பதுதான் இந்நிகழ்ச்சிக்குத் தனிச் சிறப்பைத் தருகிறது. உறவு முறிந்துவிட்டது என்பதனால் ஒப்படைத்த பொருளின்மேல் ஒருவனுக்கு உரிமை பிறந்துவிடுவதில்லை. இந்த உயர்ந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, கணக்கை மூடியபின்னும் பணத்தை 180 நாட்கள்வரை நிறுத்திவைக்க இடந்தரும் பேபால் நிறுவனத்தின் ஒப்பந்த விதியைப் போன்றவற்றை நோக்கினால், நமக்குச் சங்கடம் உண்டாகிறது. வாங்கியவர்கள் பின்னர் முறையிட்டால் ஈடுசெய்யப் பணம் வேண்டும் என்ற காரணம் பொய்யன்று. ஆயினும் அக்காரணம் எத்தனை நாட்களுக்கு, எவ்வளவு தொகைக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பவரே அப்பணத்தை வைத்திருப்பவராகவும் இருக்கும்போது, அங்கே ஐயத்திற்கு இடமுண்டு.

இந்திய ரிசர்வ் வங்கி 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்ட நெறிமுறைகள் இவ்விஷயத்தில் தெளிவான ஒரு கோட்டைக் கிழித்தன. வழியைமட்டும் அமைத்துக் கொடுத்துப் பணத்தைத் தொடாதவர் ஒரு வகை. வாங்குபவரிடமிருந்து பணத்தைப் பெற்றுத் திரட்டிவைத்துப் பின்பு கடைக்காரரிடம் சேர்ப்பிப்பவர் மற்றொரு வகை. பேமெண்ட் அக்ரிகேட்டர் எனப்படும் இந்த இரண்டாம் வகையினருள் வங்கி அல்லாதவர்கள் அனுமதி பெற்றாக வேண்டும். திரட்டிய பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலவாமல், வங்கியில் எஸ்க்ரோ என்னும் தனிக்கணக்கில் வைத்தாக வேண்டும். பிறர் பொருளைத் தன் பொருளோடு கலக்கும் கணத்தில் நம்பிக்கை கெடத் தொடங்குகிறது என்ற அறநெறியை, சட்டத்தின் வறண்ட மொழியில் எழுதிவைத்தது போன்றதே இந்த ஏற்பாடு.

இனி, இடைநிற்பவர்கள் தம்மைப்பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானத்திற்கு வருவோம். “நாங்கள் வெறும் கருவி, எங்கள் வழியே செல்வது எதுவாயினும் அதன் நன்மை தீமைக்கு நாங்கள் பொறுப்பல்லோம்” என்பது அவர்களுடைய வாதம். சைவ சித்தாந்திகள் காரணத்தை மூவகையாகப் பிரிப்பதுண்டு: குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இம்முறைப்படி நோக்கினால், கேட்வே நிறுவனம் தன்னைச் சக்கரத்தின் வரிசையில் வைத்துக்கொள்ள விரும்புகிறது. சக்கரத்திற்குப் பாவமில்லை, புண்ணியமும் இல்லை. சுற்றுகிறவன் சுற்றினால் அது சுழலும். ஆனால் இந்தக் குடத்தைச் செய்யலாம், அந்தக் குடத்தைச் செய்யலாகாது என்று சக்கரமே தீர்மானித்து நின்றுவிடுமானால், அதைச் சக்கரம் என்று எவ்வாறு சொல்வது? தானே தீர்மானிக்கும் பொருளைச் சக்கரத்தின் வரிசையில் வைத்து எண்ணுவது பொருந்தாது.

அப்படிச் சக்கரம் நின்றுபோனது உண்மையில் நடந்தது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க ராஜதந்திரிகளின் ரகசியத் தந்திகளை விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கிய சில நாட்களுக்குள், பேபால், விசா, மாஸ்டர்கார்டு ஆகியவை அவ்வமைப்புக்குச் செல்லும் நன்கொடைகளை நிறுத்திவிட்டன. எந்த நீதிமன்றமும் அவ்வமைப்பைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்திருக்கவில்லை. பின்னர் ஐஸ்லாந்தில், விக்கிலீக்ஸ் சார்பில் நன்கொடை பெற்றுவந்த டேட்டாசெல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், கார்டு பரிவர்த்தனைகளை நடத்தும் வாலிடர் நிறுவனம் அடைத்த வழியை 15 நாட்களுக்குள் திறந்துவிட வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 8,00,000 குரோனா செலுத்த வேண்டும் என்றும் 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. விக்கிலீக்ஸின் செய்கை சரியா தவறா என்பதில் அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. அது இங்கே நம் விசாரத்திற்கு உரியதன்று. தீர்ப்பளிக்கும் அதிகாரம், தீர்ப்பளிப்பதற்கென்று எவராலும் நியமிக்கப்படாத ஒருவர் கைக்கு ஓசையின்றிப் போய்ச் சேர்ந்திருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

2025-ஆம் ஆண்டு ஜூலையில் நடந்தது இதனினும் நுட்பமான ஒரு சிக்கலைக் காட்டுகிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம், இட்ச் என்ற இரு தளங்களும், பணப் பரிவர்த்தனை நிறுவனங்களின் நிர்ப்பந்தத்தால், வயது வந்தோருக்கென ஏற்பட்ட பல விளையாட்டுகளை நீக்கின அல்லது தேடுவார் கண்ணில் படாமல் மறைத்தன. யார் சொல்லி இது நடந்தது என்ற கேள்வி எழுந்தபோது, தான் எந்த விளையாட்டையும் மதிப்பிடவில்லை, கட்டுப்பாடும் கோரவில்லை என்று மாஸ்டர்கார்டு கூறியது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமோ, மாஸ்டர்கார்டு தன்னிடம் நேரில் பேசவில்லையாயினும், இடையிலிருந்த பணப் பரிவர்த்தனை நிறுவனங்கள் மாஸ்டர்கார்டின் விதியைச் சுட்டியே தன்னிடம் பேசின என்று கூறியது. நீக்கப்பட்டவை நல்லவையா என்பது வேறு விஷயம்; அவற்றுள் சிலவற்றை நல்லவர் எவரும் ஆதரித்துப் பேசமாட்டார். ஆனால் ஒரு காரியம் நடந்திருக்க, அதற்குக் கர்த்தா இல்லாமற்போவது தர்மத்தின் கண்ணுக்குப் பெரிய விபரீதம். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைச் சுட்டிக்காட்டி ஒதுங்கிக்கொள்ளுமானால், பாதிக்கப்பட்டவன் யாரிடம் போய் நியாயம் கேட்பான்?

இதிலிருந்து, இடைநிற்பவன் எதையும் மறுக்கலாகாது, கண்ணை மூடிக்கொண்டு அனைத்தையும் அனுப்பிவைக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடலாகாது. திருட்டுக் கார்டில் வாங்கிய பொருளுக்கும், குழந்தைகளை விற்பவனுக்கும், பொய்த் தர்மஸ்தாபனத்திற்கும் பணத்தைச் சேர்ப்பித்துவிட்டு, நான் கருவி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது நடுவுநிலைமை ஆகாது. அது மரத்துப்போன மனசாட்சி. மறுக்கும் கடமை அவனுக்கு உண்டு. ஆனால் மறுக்கிறவன் நீதிபதியின் ஆசனத்தில் அமர்கிறான் என்பதை உணர்ந்து, அந்த ஆசனத்துக்கு உரிய ஒழுக்கங்களையும் மேற்கொள்ள வேண்டும். குற்றம் இன்னது என்று சொல்லுதல், எதிர்தரப்பைக் கேட்டல், தீர்ப்பிற்குக் காரணம் கூறுதல், மேல்முறையீட்டிற்கு வழி வைத்தல் ஆகியவை இல்லாமல் தண்டனைமட்டும் இருக்குமிடத்தில் நியாயம் இருப்பதாகச் சொல்ல முடியாது. கணக்கு முடக்கப்பட்டது என்ற ஒற்றை வரிச் செய்தியை அனுப்பிவிட்டு, காரணம் கேட்பவருக்கு இயந்திரத்தைக்கொண்டே பதில் சொல்லவைக்கும் நிறுவனம், அதிகாரத்தை எடுத்துக்கொண்டு அதன் கடமைகளை விட்டுவிடுகிறது.

கூலியைப்பற்றியும் ஒரு வார்த்தை. நடுவே நின்று உழைப்பவனுக்குக் கூலி உரியதே. எனினும் அக்கூலியின் அமைப்பில் ஒரு தர்மமும் அதர்மமும் உண்டு. ஸ்ட்ரைப் நிறுவனம் அமெரிக்காவில் உள்நாட்டுக் கார்டுகளுக்கு விளம்பரப்படுத்தும் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்டும் ஆகும். 100 டாலர் கொடுப்பவரிடமிருந்து இதற்குப் போவது 3 டாலர் 20 சென்டு. 1 டாலர் கொடுக்கும் ஏழையின் காணிக்கையிலோ ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போய்விடுகிறது. இந்தியாவில் யுபிஐ வழியாகவும் ரூபே டெபிட் கார்டு வழியாகவும் செலுத்தப்படும் பணத்திற்கு 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வியாபாரியிடம் இவ்வகைக் கட்டணம் இல்லை என்று ஆக்கப்பட்டபோது, சிறிய தொகைகள் இந்தத் தொல்லையிலிருந்து பெரிதும் விடுபட்டன. அவ்வாறாயினும் அச்செலவை வேறெவரோ தாங்கித்தான் ஆகவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. தமிழ்நாட்டு வியாபாரிகள் ஒவ்வொரு வியாபாரத்திலும் சிறு பங்கை மகமை என்று எடுத்துவைத்துக் கோயிலுக்கும் பள்ளிக்கும் செலவிட்ட வழக்கத்தை இத்துடன் ஒப்பிட்டு நோக்கலாம். அதுவும் ஒவ்வொரு பரிவர்த்தனையிலிருந்தும் கழிக்கப்பட்ட சிறு தொகையே. ஆனால் கொடுத்தவர்களே அதன் கணக்கைக் கேட்கக்கூடியவர்களாக இருந்தார்கள். கழிவு பெரிதா சிறிதா என்பதைக் காட்டிலும், அது எங்கே போகிறது, கணக்குக் கேட்க நமக்கு உரிமையுண்டா என்பவையே முக்கியமான கேள்விகள்.

இரண்டாவது வினாவுக்கு வருவோம்: தேர்ந்தெடுப்பவனுடைய பங்கு என்ன? பதஞ்சலியின் யோகசூத்திரமும் ஜைன ஆசாரியர்களும் ஒரு வினையைத் தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்று மூவகையாகப் பகுத்து, மூன்றிலும் வினைப்பயன் உண்டென்று கொள்கின்றனர். பிளகின் எழுதியவர் எவருடைய பணத்தையும் தாமே நிறுத்திவைப்பதில்லை. ஆகவே முதல் வகையில் அவர் இல்லை. நிறுத்திவை என்று ஏவுவதுமில்லை. ஆகவே இரண்டாம் வகையிலும் இல்லை. ஆனால் இன்ன விதிகளை உடைய நிறுவனம் என்று அறிந்தோ, அறியக்கூடிய நிலையில் இருந்தும் அறியாமலோ, அதைப் பிறருக்கான ஒரே வழியாக வைத்தாரானால், உடன்பட்டவர் என்ற மூன்றாம் வகையிலிருந்து அவர் தப்ப முடியாது. எல்லா நிறுவனங்களும் முடிவில் அதே இரண்டு மூன்று கார்டு வலையமைப்புகளையே சார்ந்திருக்கின்றன, ஆகையால் தேர்வு என்பதே பொய்த்தோற்றம் என்று சிலர் சொல்லலாம். அதில் பாதி உண்மை உண்டு. முழுச் சுதந்திரம் இல்லாத இடத்திலும் சிறிது சுதந்திரம் உண்டு. பொறுப்பும் அந்தச் சிறிதின் அளவுக்கு உண்டு. மனிதனுக்குக் கட்டற்ற சுதந்திரம் இருந்தால்தான் பொறுப்பு உண்டு என்று சொல்ல முடியாது.

தேர்ந்தெடுப்பவர் தம் பங்கைத் தூய்மையாக வைத்துக்கொள்ள ஒரு நல்ல உபாயமும் இத்துறையிலேயே அமைந்திருக்கிறது. அது அபரிக்கிரகம், அதாவது வேண்டாததைக் கைக்கொள்ளாமை. கார்டு எண் கடைக்காரருடைய கணினியைத் தொடாமலே கேட்வேயின் பக்கத்திற்கு நேரே சென்று, அதற்குப் பதிலாக வேறெங்கும் செல்லாத ஓர் அடையாளக் குறிமட்டும் கடைக்காரருக்குத் திரும்பிவரும்படி இன்று மென்பொருளை எழுத முடியும். 2004-ஆம் ஆண்டில் கார்டு வலையமைப்புகள் ஒன்றுசேர்ந்து வகுத்த பாதுகாப்பு விதிகள், கார்டு விவரத்தைத் தொட்டவர் மீது எத்தனையோ கடமைகளை ஏற்றுகின்றன. தொடாதவருக்கு அச்சுமை மிகவும் குறைகிறது. இந்தியாவிலோ 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், வியாபாரிகள் கார்டு எண்ணைத் தம்மிடம் சேமித்து வைப்பதே தடைசெய்யப்பட்டிருக்கிறது. தனக்கு அவசியமில்லாத பிறர் ரகசியத்தை அறியாதிருப்பது, அறிந்து காப்பதைக் காட்டிலும் உயர்ந்த காவல்.

ஆகவே, இத்தேர்வில் இறங்குகிறவர்களுக்கு என் அபிப்பிராயத்தைச் சுருங்கச் சொல்லி முடிக்கிறேன். கமிஷனைக் கடைசியில் பாருங்கள். பிறர் பணத்தைத் தன் பணத்தோடு கலவாமல் வைக்கும் கட்டாயம் அந்நிறுவனத்துக்கு உண்டா என்பதை முதலில் பாருங்கள். மறுக்கும்போது காரணம் சொல்லி, எதிர்வாதத்தைக் கேட்டு, வைத்திருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முறை அதன் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அடுத்துப் பாருங்கள். விட்டு விலக நேர்ந்தால், சந்தாதாரர்களின் கார்டு விவரங்களை வேறொரு நிறுவனத்துக்குப் பத்திரமாக மாற்றிக் கொடுக்க அது சம்மதிக்கிறதா என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, எவ்வளவு நல்ல நிறுவனமாயினும் அதை ஒரே வழியாக வைக்காதீர்கள்; உங்கள் மென்பொருளில் குறைந்தது இரண்டு வழிகளேனும் இருக்கட்டும், அவற்றுள் எதை வைத்துக்கொள்வது என்பதைக் கடை நடத்துகிறவரே தீர்மானிக்கட்டும். பிறருக்காகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மீது விழுந்துவிட்டால், அவர்கள் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள இடம்விட்டு வைப்பதே அப்பொறுப்பை நிறைவேற்றும் சரியான முறை.